பதக்க வரிசையில் மயங்கி விழுந்தேன். இனி ஓடலாமா, டாக்டர்?

கடிதத்தின் சுருக்கம்

எழுதியவருக்கு வயது 41. அலுவலக வேலை. இரண்டு ஆண்டுகளாக வாரத்துக்கு மூன்று நாள் ஓடுகிறார், 10 கி.மீ. பந்தயங்கள் சிலவற்றை ஓடி முடித்திருக்கிறார். விடுமுறை நாள் ஒன்றில் நடந்த அரை மாரத்தானுக்கு (21.1 கி.மீ.) அண்ணனோடு சேர்ந்து பெயர் கொடுத்தார். காலை 5.30க்குத் தொடங்க வேண்டிய ஓட்டம், சாலைத் தடுப்புகள் வைத்து முடியாததால் 6.45க்குத்தான் தொடங்கியது. அதுவரை எல்லோரும் தொடக்கக் கோட்டில் நெருக்கியடித்து நின்றார்கள். 5வது கி.மீ.யில் தண்ணீர் கிடைத்தது. 9லும் 13லும் மேசை இருந்தது, தண்ணீர் தீர்ந்திருந்தது. 14வது கி.மீ. திருப்பத்தில் வழிகாட்ட ஆள் இல்லை. முன்னால் போன ஏழெட்டுப் பேரின் பின்னாலேயே நேராகப் போய், தவறு தெரிந்து திரும்பி வந்தார். போன நேரத்தைப் பிடிக்கக் கடைசி 3 கி.மீ.யை முழு வேகத்தில் ஓடினார்.

முடிவுக் கோட்டைத் தாண்டியதும் பதக்க வரிசை. பத்து நிமிடத்துக்கு மேல் நின்றபின் கண் இருட்டிக்கொண்டு வந்து விழுந்துவிட்டார். இரண்டு தன்னார்வலர்கள் அக்குளில் கை கொடுத்துத் தூக்கி நடக்க வைக்கப் பார்த்தார்கள். மறுபடி தலை தொங்கியது. வேறொரு ஓட்டக்காரர் அவரைக் கீழே படுக்கவைத்துக் கால்களை நாற்காலி மேல் தூக்கி வைத்ததும் சில நிமிடங்களில் தெளிந்தது. சுற்றிலும் பேசியது எல்லாம் நினைவிருக்கிறது என்கிறார். முதலுதவிக் கூடாரத்தில் நெற்றியில் காட்டிய வெப்பமானி 37.3 என்றது, "சூடு இல்லை, வெயில் பிரச்சினை இல்லை" என்று சொல்லி ஒரு பாட்டில் டிரிப் ஏற்றி அனுப்பினார்கள். மூன்றாம் நாள் தாமாகவே ரத்தப் பரிசோதனை செய்துகொண்டார். சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் சரியாக இருந்தது, சி.கே. என்ற நொதியின் அளவு மட்டும் 1,640 என்று சிவப்பில் வந்தது. அது இதயப் பாதிப்பின் அடையாளம் என்று யாரோ சொல்ல, அன்றிலிருந்து தூக்கம் போயிற்று.

ஓட்டத்துக்கு முந்தைய வாரம் மூன்று நாள் காய்ச்சல் இருந்ததையும், அன்று காலை முழங்கால் வலிக்கு இபுப்ரோஃபென் போட்டுக்கொண்டதையும் கடிதத்தின் ஒரு மூலையில் குறிப்பிட்டிருக்கிறார். முடிவுப் பட்டியலில் அவர் பெயருக்கு நேரே "தகுதி நீக்கம்" என்று இருக்கிறது. புகார் செய்தபோது, "உடல்நிலைக்கு நானே பொறுப்பு என்று கையெழுத்துப் போட்டிருக்கிறீர்களே" என்று பதில் வந்திருக்கிறது. இதெல்லாம் நடந்து மூன்று வாரம் ஆகிறது. கேள்விகள்: எனக்கு இதயத்தில் கோளாறா? தப்பு என்னுடையதா? இனி ஒவ்வொரு கி.மீ.க்கும் ஒரு கப் தண்ணீரும் உப்பு மாத்திரையும் எடுத்துக்கொண்டால் போதுமா? ஏழு வாரத்தில் வரும் முழு மாரத்தானை ஓடலாமா? வீட்டில் இனி ஓடவே கூடாது என்கிறார்கள், என்ன சொல்வது? புகாரை விட்டுவிடலாமா?

பதில்

உங்கள் கோபம் நியாயமானது. அதை எங்கே, எப்படிக் காட்டலாம் என்று கடைசியில் சொல்கிறேன். கடிதத்தில் பாதிப் பக்கம் தண்ணீர் மேசைக்கும் தவறிய திருப்பத்துக்கும் போயிருக்கிறது. காய்ச்சலுக்கு ஒரே ஒரு வரி. எனக்கு அந்த வரிதான் பெரிதாகப் படுகிறது. அதற்கு வருமுன் மயக்கத்தைப் பார்த்துவிடலாம்.

ஓடும்போது கெண்டைக்கால் தசை ஒவ்வொரு அடிக்கும் சுருங்கி, காலுக்கு இறங்கிய ரத்தத்தைப் பம்ப் போல மேலே தள்ளுகிறது. நீங்கள் சட்டென்று நின்றதும் பம்ப் நின்றுவிட்டது. தசைக்கும் தோலுக்கும் ரத்தம் கொடுப்பதற்காக விரிந்த ரத்தக் குழாய்கள் மட்டும் உடனே சுருங்குவதில்லை. ரத்தம் காலில் தேங்கும், அழுத்தம் சரியும், மூளைக்குப் போவது குறையும், கண் இருட்டும். முழு வேகத்தில் வந்து, வெயிலில், நெரிசலில், அசையாமல் பத்து நிமிடம் நின்றால் நன்றாகப் பயிற்சி எடுத்தவர்களுக்கும் இது வரும். நீண்ட ஓட்டங்களின் முடிவில் மருத்துவக் கூடாரத்துக்கு வருகிறவர்களில் இந்த வகையினர்தான் அதிகம். உங்களைப் பிடித்து நிமிர்த்தி நடக்க வைத்தவர்கள் நல்ல எண்ணத்தில்தான் செய்தார்கள். ஆனால் விழுந்த உடம்பு தானே தேடிக்கொண்ட படுக்கை நிலையை அவர்கள் கெடுத்துவிட்டார்கள். கால்களை நாற்காலியில் வைத்தவர் செய்ததே சிகிச்சை.

கடிதத்தை மட்டும் வைத்து நோயை உறுதி செய்ய முடியாது. இருந்தாலும் மூன்று விஷயங்கள் உங்களுக்குச் சாதகமாக இருக்கின்றன. விழுந்தது கோட்டைத் தாண்டி நின்ற பிறகு. புத்தி தடுமாறவில்லை. படுத்ததும் சீக்கிரம் தெளிந்தது. ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒருவர் விழுந்தால் நிலைமை வேறு; அங்கே இதயம், வெப்பத் தாக்கு, ரத்தத்தில் சோடியம் குறைவது என்று மூன்றையும் யோசித்தாக வேண்டும்.

நெற்றி வெப்பமானியை நம்ப வேண்டாம்

37.3 என்று காட்டியதால் வெப்பத் தாக்கு இல்லை என்று கூடாரத்தில் சொன்னது தவறான தர்க்கம். வியர்வையில் நனைந்து, காற்றுப் பட்டுக் குளிர்ந்த நெற்றி உடம்பின் உள்வெப்பத்தைச் சொல்லாது. காது, அக்குள், வாய் அளவுகளும் இந்த நிலையில் ஏமாற்றும். ஓடி முடித்தவரின் உள்வெப்பத்தை நம்பகமாகச் சொல்வது ஆசனவாய் வழியாக எடுக்கும் அளவுதான். அது 40 டிகிரியைத் தாண்டி, கூடவே குழப்பம், உளறல், சிடுசிடுப்பு, தள்ளாட்டம் என்று மூளை தடுமாறும் அறிகுறியும் இருந்தால் வெப்பத் தாக்கு. வியர்வை நின்று தோல் உலர்ந்திருந்தால்தான் வெப்பத் தாக்கு என்று பலர் நினைக்கிறார்கள். ஓட்டக்காரருக்கு வியர்த்துக் கொட்டிக்கொண்டிருக்கும்போதே வரும்.

உங்களுக்கு அது இருந்திருக்காது என்று நினைக்க நல்ல காரணம், எல்லாம் நினைவிருக்கிறது என்று நீங்கள் எழுதியிருப்பது. இதை அண்ணனிடம் ஒருமுறை கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். குழம்பிப் போனவருக்குத் தான் குழம்பியது பெரும்பாலும் தெரியாது. "நீ சம்பந்தமில்லாமல் பேசினாய்" என்று அவர் சொன்னால் என் பதில் மாறிவிடும். அப்போது ஓடத் தொடங்குமுன் ஒரு விளையாட்டு மருத்துவரை நேரில் பார்த்தாக வேண்டும்.

அந்த டிரிப்பும் அவசியமாகத் தெரியவில்லை. வாந்தி இல்லாமல், நினைவோடு, வாயால் குடிக்க முடிகிறவருக்கு ஊசி வழியாகத் திரவம் ஏற்றக் காரணம் குறைவு. சோடியம் எவ்வளவு என்று பார்க்காமல் ஏற்றினால், சோடியம் குறைந்தவருக்கு அது கெடுதலாகவும் முடியலாம். உங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை, சரி. அடுத்த முறை யாராவது ஊசியை எடுத்தால் "சோடியம் பார்த்தீர்களா?" என்று கேளுங்கள்.

சி.கே. 1,640 என்றால்

சி.கே. தசைக்குள் இருக்கும் ஒரு நொதி. உங்கள் ஆய்வகம் சிவப்பில் போட்டதற்குக் காரணம், ஓய்வில் இருப்பவருக்கு அதன் மேல்வரம்பு சுமார் 200 என்பது. 21 கி.மீ. ஓடியவரின் தொடைத் தசை நார்களில் நுண்ணிய கிழிசல்கள் ஏற்பட்டு அந்த நொதி ரத்தத்தில் கசிகிறது. ஒன்று முதல் மூன்று நாளில் உச்சத்துக்குப் போய், ஒரு வாரத்துக்குள் இறங்கும். நீண்ட ஓட்டத்துக்குப் பிறகு ஆயிரத்தைத் தாண்டுவது சாதாரணம். அதை இதயத்தோடு முடிச்சுப் போட்டது உங்களுக்குச் சொன்னவரின் அரைகுறை அறிவு. இதயத்துக்கென்று பார்க்கும் டிரோப்போனின் கூட நீண்ட ஓட்டத்துக்குப் பின் ஓரிரு நாள் லேசாக உயர்ந்து இறங்குவது உண்டு. ஆகவே ஓடி முடித்த வாரத்தில், அறிகுறி எதுவும் இல்லாமல், ஆவலுக்காக இந்தப் பரிசோதனைகளைச் செய்துகொள்வது கவலையை விலைக்கு வாங்குவதுதான்.

கவனிக்க வேண்டியது வேறு. சிறுநீர் கறுப்புத் தேநீர் நிறத்தில் போனால், அல்லது மிகக் குறைந்தால், தசைவலி நாளுக்கு நாள் கூடினால், அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். தசை பெருமளவில் சிதைந்து சிறுநீரகத்தை அடைக்கும் நிலை அது. உங்கள் சிறுநீர் மறுநாள் அடர் மஞ்சளாக இருந்து மாலையில் தெளிந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். கிரியாட்டினினும் சரியாக இருக்கிறது. அந்தக் கவலையை விடுங்கள். ஒரு மாதம் கழித்து, இரண்டு மூன்று நாள் ஓடாமல் இருந்துவிட்டு, சி.கே.யை மறுபடி ஒருமுறை பாருங்கள். அப்போதும் உயர்ந்திருந்தால் மட்டும் மேற்கொண்டு யோசிக்கலாம்.

அந்த ஒரு வரி: காய்ச்சல்

காய்ச்சல் விட்டு ஐந்தே நாளில் 21 கி.மீ. ஓடியிருக்கிறீர்கள். அமைப்பாளர்கள் எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்திருந்தாலும், அன்று நீங்கள் வீட்டில் இருந்திருக்க வேண்டும். அண்மையில் வந்த காய்ச்சல், ஓட்டத்தின்போது வெப்பத் தாக்கு வரும் வாய்ப்பைக் கூட்டும் என்பது நன்கு அறியப்பட்டது. வைரஸ் காய்ச்சலின்போது சிலருக்கு இதயத் தசையிலும் அழற்சி ஏற்படும். அது தெரியாமல் கடுமையாக ஓடினால் இதயத் துடிப்பு தாறுமாறாகும் ஆபத்து உண்டு. பெரும்பாலானோருக்கு அப்படி ஆவதில்லை. ஆனால் காய்ச்சல், அதற்குப் பின் கடும் ஓட்டம், அதற்குப் பின் மயக்கம் என்று மூன்றும் வரிசையாக வந்தால், "நின்றதால் வந்த மயக்கம்" என்று மட்டும் சொல்லி உங்களை அனுப்பிவிட நான் தயாராக இல்லை.

எனவே மறுபடி ஓடுமுன் ஒரு மருத்துவரை நேரில் பாருங்கள். ஈ.சி.ஜி. எடுக்க வேண்டும். படுத்தும் நின்றும் ரத்த அழுத்தம் பார்க்க வேண்டும். ஹீமோகுளோபினும் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டினும் பார்ப்பது நல்லது. மாதவிடாய் உள்ள பெண்கள் நீண்ட தூரம் ஓடும்போது இது அடிக்கடி குறைந்து போகும். படபடப்பு, மார்பு வலி, முன்பு இல்லாத மூச்சிரைப்பு ஏதாவது இருந்தாலோ, குடும்பத்தில் யாராவது 50 வயதுக்குள் திடீரென இறந்திருந்தாலோ, அதைச் சொல்லி, இதயத்தை ஒலி அலைகளால் படம் பிடிக்கும் எக்கோவும் எடுத்துக்கொள்ளுங்கள். கேட்டால்தான் சொல்வேன் என்று இருக்காதீர்கள். போட்டுக்கொள்ளும் மாத்திரைகள் அத்தனையையும் சொல்லுங்கள். ரத்த அழுத்தத்துக்கும் சளிக்கும் மனநலத்துக்கும் தரும் சில மருந்துகள் வியர்ப்பதையோ உடம்பு வெப்பத்தைத் தாங்குவதையோ குறைக்கும்.

இபுப்ரோஃபென் பற்றி ஒரு வார்த்தை. நீண்ட ஓட்டத்துக்கு முன்போ நடுவிலோ அது வேண்டாம். ஓடும்போது சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தம் ஏற்கனவே குறைந்திருக்கும். இந்த மாத்திரை அதை இன்னும் குறைக்கும். வலி மாத்திரை போட்டால்தான் ஓட முடியும் என்ற முழங்கால் அன்று ஓடத் தயாராக இல்லை என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

"தண்ணீர் இல்லாததால்தான் விழுந்தேன்" என்பது பற்றி

இதைக் கொஞ்சம் திருத்த வேண்டியிருக்கிறது. தண்ணீர் தீர்ந்தது பெரிய குறைதான். உலகத் தடகள அமைப்பின் விதியே சாலை ஓட்டங்களில் ஏறக்குறைய 5 கி.மீ.க்கு ஓர் இடத்தில் தண்ணீர் வேண்டும் என்கிறது. ஆனால் உடம்பு சூடாவதற்கு முதல் காரணம் ஓடும் வேகம். தசை எரிக்கும் சக்தியில் முக்கால் பங்குக்கும் மேல் வெப்பமாகவே வெளியேறுகிறது. காற்றில் ஈரம் அதிகமாக இருந்தால் வியர்வை ஆவியாகாமல் சொட்டிப் போகும். சொட்டிப் போன வியர்வை குளிர்விக்காது. 75 நிமிடத் தாமதம் உங்கள் ஓட்டத்தின் பின்பாதியைச் சரியாக வெயில் ஏறும் நேரத்தில் கொண்டு போய் வைத்தது. அந்த நேரத்தில்தான், 18வது கி.மீ.யிலிருந்து, நீங்கள் வேகத்தைக் கூட்டினீர்கள். அமைப்பாளர்கள் செய்த தாமதமும் நீங்கள் எடுத்த முடிவும் அங்கே ஒன்றுசேர்ந்தன. தப்பு யாருடையது என்ற கேள்விக்கு என்னால் இவ்வளவுதான் சொல்ல முடியும்.

அதனால் "இனி ஒவ்வொரு கி.மீ.க்கும் ஒரு கப்" என்ற உங்கள் திட்டம்தான் கடிதத்திலேயே என்னை அதிகம் பயமுறுத்தியது. ஒரு கப் 150 மி.லி. என்று வையுங்கள். நீங்கள் ஒரு மணி நேரத்தில் 8, 9 கி.மீ. ஓடுகிறவர், அப்படியானால் மணிக்கு 1.2 லிட்டருக்கு மேல் போகிறது. உங்கள் எடையும் வேகமும் உள்ளவருக்கு அது பல நாட்களில் வியர்வையைவிட அதிகம். மிஞ்சிய தண்ணீர் ரத்தத்தில் உள்ள சோடியத்தை நீர்த்துப் போகச் செய்யும். லிட்டருக்கு 135 மில்லிமோலுக்குக் கீழே போனால் தலைவலி, வயிறு உப்புவது, வாந்தி, குழப்பம் என்று தொடங்கி வலிப்பு வரை போகலாம். 2002ஆம் ஆண்டு பாஸ்டன் மாரத்தானில் 488 பேருக்கு முடிவுக் கோட்டில் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள்; 13 சதவீதம் பேருக்குச் சோடியம் குறைவாக இருந்தது. ஓடும்போது எடை கூடியவர்களும், நான்கு மணி நேரத்துக்கு மேல் எடுத்துக்கொண்டவர்களும் அதில் அதிகம். மெதுவாக ஓடுகிறவர்களுக்குக் குடிக்க நேரம் நிறையக் கிடைக்கிறது என்பதுதான் சிக்கல். உப்பு மாத்திரை இதற்குக் கவசம் ஆகாது. அளவுக்கு மீறிக் குடித்தால் மாத்திரை போட்டாலும் சோடியம் இறங்கும்.

தாகம் எடுத்தால் குடியுங்கள், போதும். உங்கள் அளவு தெரிய வேண்டுமானால் பயிற்சி நாளில் இப்படிப் பாருங்கள். சிறுநீர் கழித்துவிட்டு, குறைந்த உடையில் எடை பார்த்துவிட்டு, ஒரு மணி நேரம் பந்தய வேகத்தில் ஓடுங்கள். துடைத்துக்கொண்டு மறுபடி எடை பாருங்கள். 58.0 கிலோ 57.2 ஆகி, நடுவில் 300 மி.லி. குடித்திருந்தால், வியர்த்தது 1.1 லிட்டர். அதை முழுதாக ஈடுகட்டத் தேவையில்லை. எடையில் சுமார் 2 சதவீதம் குறைவதை உடம்பு தாங்கும். எடை கூடியிருந்தால் மட்டும் அபாய மணி. வெயில் நாளிலும் குளிர்ந்த நாளிலும் தனித்தனியாகப் பாருங்கள், வித்தியாசம் கணிசமாக இருக்கும்.

முழு மாரத்தான்?

வேண்டாம். கணக்குப் போட்டுப் பாருங்கள். மருத்துவர் சரி என்று சொன்ன பிறகு பழைய நிலைக்குத் திரும்பவே மூன்று வாரம்: முதல் வாரம் குளிர்ந்த நேரத்தில் 20 முதல் 30 நிமிடம், நடையும் ஓட்டமும் கலந்து, ஒரு நாள் விட்டு ஒரு நாள், இரண்டாம் வாரம் பேச்சுத் தடைபடாத வேகத்தில் 40 நிமிடம், மூன்றாம் வாரம் ஒரு நாள் மட்டும் ஒரு மணி நேரம். பந்தயத்துக்கு முன் கடைசி இரண்டு வாரம் தூரத்தைக் குறைக்க வேண்டும். ஏழில் ஐந்து போனால் மிஞ்சுவது இரண்டு. இதுவரை 21 கி.மீ.க்கு மேல் ஓடாதவர் இரண்டு வாரத்தில் 42.195 கி.மீ.க்குத் தயாராக முடியாது. பதிவை அடுத்த ஆண்டுக்கு மாற்றித் தருவார்களா என்று கேளுங்கள். தரவில்லை என்றால் கட்டிய பணம் போகட்டும்.

அரை மாரத்தானை நான்கைந்து மாதம் கழித்துத் தாராளமாக ஓடலாம். வெயில் காலத்தில் என்றால் பந்தயத்துக்கு முந்தைய 10 முதல் 14 நாள், பந்தயம் நடக்கும் நேரத்திலேயே மெதுவாக ஓடி உடம்பைப் பழக்குங்கள். வீட்டில் உள்ளவர்களிடம், "டாக்டர் ஓடலாம் என்றார்" என்று மட்டும் சொல்லி முடித்துவிடாதீர்கள். எந்தச் சூழ்நிலையில் ஓட மாட்டேன் என்றும் சொல்லுங்கள்: கடந்த இரண்டு வாரத்தில் காய்ச்சல் வந்திருந்தால், தொடக்கம் ஒரு மணி நேரம் தள்ளிப் போனால், அடுத்தடுத்து இரண்டு மேசைகளில் தண்ணீர் இல்லாவிட்டால். அவர்களுடைய பயம் ஓட்டத்தைப் பற்றியது என்பதைவிட, நீங்கள் எதற்கும் நிற்க மாட்டீர்கள் என்பதைப் பற்றியது என்று கடிதத்தைப் படிக்கும்போதே தெரிகிறது.

பெயர் கொடுக்குமுன் கேட்க வேண்டியவை

விடுமுறை நாள் ஓட்டங்களில் புதிதாக ஓடுகிறவர்கள் அதிகம். தன்னார்வலர்களோ குறைவு, அவர்களுக்கும் அது விடுமுறைதானே. அமைப்பாளருக்குக் கேள்வி அனுப்பிப் பாருங்கள். பதில் வரும் விதத்திலேயே பாதி தெரிந்துவிடும்.

மருத்துவப் பொறுப்பாளர் யார், பாதையில் எத்தனை ஆம்புலன்ஸ், இதயத்துடிப்பை மீட்கும் ஏ.இ.டி. கருவி எங்கே இருக்கும் என்று கேளுங்கள். முடிவுக் கோட்டில் ஐஸ் தண்ணீர்த் தொட்டி உண்டா என்பது என்னைப் பொறுத்தவரை தலையாய கேள்வி. வெப்பத் தாக்குக்கு ஆளானவரை முதலில் குளிர்வித்து, பிறகுதான் மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும். அரை மணி நேரத்துக்குள் உள்வெப்பத்தை 39க்குக் கீழே இறக்கினால் பிழைக்கும் வாய்ப்பு மிக நன்றாக இருக்கும். தொட்டி இல்லாத ஓட்டத்தில் அந்த அரை மணி ஆம்புலன்ஸிலேயே கரைந்துவிடும்.

வெப்பம் எந்த அளவைத் தாண்டினால் ஓட்டத்தைச் சுருக்குவீர்கள் அல்லது நிறுத்துவீர்கள் என்று கேளுங்கள். வெறும் வெப்பநிலையைச் சொன்னால் போதாது. ஈரத் துணி சுற்றிய வெப்பமானி காட்டும் ஈரக்குமிழ் அளவுக்கு 70 சதவீதம், வெயிலில் வைத்த கறுப்புக் கோளத்துக்குள் இருக்கும் வெப்பமானியின் அளவுக்கு 20, நிழல் வெப்பநிலைக்கு 10 என்று சேர்த்துப் போடும் WBGT என்ற குறியீடு ஒன்று இருக்கிறது. அது 28ஐத் தாண்டினால் நீண்ட ஓட்டம் நடத்துவதை மறுபரிசீலனை செய்ய வேண்டும் என்பது நெடுநாளாக உள்ள வழிகாட்டல். இந்தக் குறியீட்டைப் பற்றிக் கேள்விப்பட்டதே இல்லை என்று பதில் வந்தால், வேறு ஓட்டம் பார்த்துக்கொள்ளுங்கள்.

முடிவுக் கோட்டுக்குப் பின் எவ்வளவு தூரம் நடக்க இடம் இருக்கிறது என்று பாதை வரைபடத்தில் பாருங்கள். கோட்டை ஒட்டியே பதக்க மேசை, புகைப்பட மேடை என்றால் நெரிசல் உறுதி. அப்படி மாட்டிக்கொண்டால் நின்ற இடத்திலேயே குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்குங்கள். கண் இருட்டத் தொடங்கினால் வெட்கப்படாமல் தரையில் படுத்துவிடுங்கள். பதக்கம் எங்கும் போய்விடாது. கையில் அரை லிட்டர் மென்குடுவை ஒன்று எப்போதும் இருக்கட்டும். தொடக்கம் தாமதமானால் வரிசையை விட்டு விலகி நிழலில் உட்காருங்கள், அன்றைய நேர இலக்கை அங்கேயே கைவிட்டுவிடுங்கள்.

புகார்

விடாதீர்கள், ஆனால் திருத்தி எழுதுங்கள். "பாதையின் நீளமே தவறு, தூரம் அளக்கும் என் கடிகாரம் 22.6 கி.மீ. காட்டுகிறது" என்று அனுப்பியிருக்கிறீர்கள். உங்கள் அண்ணனின் கடிகாரமோ 21.3 காட்டியது என்று நீங்களே சொல்கிறீர்கள். பாதையை அளப்பவர்கள் அளவு சரிபார்த்த சைக்கிளில், திருப்பங்களில் சாலையின் உள்விளிம்பிலிருந்து 30 செ.மீ. தள்ளி, ஓடக்கூடிய மிகக் குறுகிய கோட்டிலேயே போகிறார்கள். குறைந்துவிடக் கூடாது என்று கி.மீ.க்கு ஒரு மீட்டர் கூட்டியும் வைக்கிறார்கள். நாம் அந்தக் கோட்டில் ஓடுவதில்லை, கடிகாரமும் கொஞ்சம் அலையும். ஆகவே 21.1க்கு 21.3 என்பது ஒழுங்காக அளந்த பாதையிலும் வரும். உங்கள் கூடுதல் 1.3 கி.மீ. முழுக்க 14வது கி.மீ. திருப்பத்தில் வந்தது. நீளம் தவறு என்று வாதாடினால் ஒரே வரியில் மறுத்துவிடுவார்கள். திருப்பத்தில் ஆள் இல்லை என்பதை மறுக்க முடியாது: நீங்கள் போன வழியைப் பதிவு செய்த கடிகாரத் தடம் இருக்கிறது, கூட வழி தவறிய ஏழெட்டுப் பேர் இருக்கிறார்கள். அவர்களில் இரண்டு பேராவது தங்கள் தடத்தையும் சேர்த்து அனுப்பினால் புகாருக்கு எடை கூடும்.

கோபத்தை எல்லாம் நீக்கிவிட்டு ஒரே பக்கத்தில் எழுதுங்கள். அறிவித்த தொடக்க நேரம், உண்மையான நேரம்; எந்த மேசையில், எத்தனை மணிக்குத் தண்ணீர் இல்லை; திருப்பம்; விழுந்த இடம், முதலுதவியில் செய்தவை. முதலுதவிக் கூடாரத்தின் பதிவேட்டில் உங்களைப் பற்றி எழுதியதன் நகலைத் தனியாகக் கேளுங்கள். அது உங்கள் மருத்துவருக்கும் உதவும். "தகுதி நீக்கம்" என்பது, ஓட்டக்காரர் அணிந்த சிப்பைக் கடக்கும்போது பதிவு செய்யப் பாதையில் விரித்திருக்கும் டைமிங் விரிப்பு ஏதோ ஒன்று உங்கள் சிப்பைப் பதிவு செய்யாததால் வந்திருக்கலாம்; எந்த விரிப்பு என்று கேட்டு, தடத்தைக் காட்டி, "முடித்தார்" என்று திருத்தக் கோரலாம். ஓடிய தூரம் மாறியிருப்பதால் நேரத்தை அதிகாரபூர்வமாக ஏற்காமல் போகலாம். அதற்காக மல்லுக்கட்ட வேண்டாம்.

நீங்கள் போட்ட கையெழுத்தைப் பற்றிச் சட்டம் பேச நான் வழக்கறிஞர் இல்லை. ஆனால் ஓட்டத்துக்கே உரிய இயல்பான ஆபத்தை ஏற்றுக்கொள்வதும், அமைப்பாளரின் கடும் கவனக்குறைவை முன்கூட்டியே மன்னித்துவிடுவதும் பல நாடுகளின் சட்டத்தில் ஒன்றல்ல. பதிவுக் கட்டணத்தைத் திரும்பக் கேட்க வழக்கறிஞர் தேவையில்லை. மருத்துவச் செலவுக்கு ஈடு கேட்பதாக இருந்தால் கையெழுத்திட்ட படிவத்தோடு ஒருவரைப் பாருங்கள். இத்தகைய கோரிக்கைகளுக்குக் காலக்கெடு உண்டு. காய்ச்சல் விட்ட சில நாளிலேயே, வலி மாத்திரையும் போட்டுக்கொண்டு ஓடியதை அவரிடம் மறைக்காதீர்கள். எதிர்த்தரப்பு கேட்கும் முதல் கேள்விகளில் அதுவும் இருக்கும்.